ஐநூறு ரூபாய்க்குள்ள மதுரை

ஜனவரி 18, 2025, சனி

பொங்கல் லீவுக்குக் கொடைக்கானல் போலாம்னு மூணு மாசமா பேசிப் பேசி கடைசில இவருக்கு லீவு கிடைக்கல, எனக்குக் கிடைச்ச லீவுல வீட்டுக்கு ஒட்டடை அடிச்சு முடிச்சேன். பிறந்ததுல இருந்து மதுரைதான், ஆனா வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க வந்தாதான் நாயக்கர் மஹால் பக்கமே எட்டிப் பாக்குறோம், அதனால இனிமே நம்ம ஊரையே சுத்துவோம்னு முடிவு பண்ணிட்டோம். ஒரு தடவைக்கு பெட்ரோல் சேத்து 500 ரூபா. தாண்டுனா, தாண்டுனவங்க ஒரு வாரம் பாத்திரம் கழுவணும். கணக்கு எழுதுறது நான், கடையிலயும் அதான் என் வேலை.

ஜனவரி 26, ஞாயிறு

சமணர் மலை. அஞ்சு மணிக்கே கிளம்பணும்னு சொன்ன மனுஷன் அஞ்சே முக்காலுக்குத்தான் பல்லு விளக்குனாரு. கீழக்குயில்குடி போறதுக்குள்ள வெயில் வந்திருச்சு. தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில் எல்லாம் தாண்டி படியேறுனா பாதியிலயே எனக்கு மூச்சு வாங்குது, இவரு "பைய வா, பைய வா"ன்னு சொல்லிக்கிட்டே முன்னாடி ஓடுறாரு. மேல பேச்சிப்பள்ளத்துல தீர்த்தங்கரர் சிலைங்க வரிசையா இருக்கு, ஆயிரம் வருஷத்துக்கும் மேல ஆகுது, கீழ வட்டெழுத்துல யாரு செய்யச் சொன்னாங்கன்னு வெட்டி வச்சிருக்காங்க. அங்கிட்டு ஒரு பாறையில எவனோ பெயின்ட்டுல ஹார்ட் போட்டு ரெண்டு பேரு எழுதி வச்சிருக்கான். "இவனும் கல்வெட்டு போட்டுட்டான் பாரு"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல, எரிச்சல்தான் வந்துச்சு.

வர்ற வழியில பருத்திப்பால். சுக்கும் கருப்பட்டியும் ஆவியோட மூஞ்சில அடிக்குது, மேல தேங்காய்ப்பூ, அடியில கெட்டியா தங்குனதை ஸ்பூன் இல்லாம டம்ளரை ஆட்டி ஆட்டித்தான் குடிக்கணும். இவரு ரெண்டு டம்ளர். மொத்தம் 210.

பிப்ரவரி 2, ஞாயிறு

நத்தம் ரோட்டுல கலைஞர் நூலகம். 2023ல திறந்தது, இன்னிக்குத்தான் உள்ள போறோம். நான் நாலு புக்கு புரட்டுனேன், இவரு ஏசியில ஒரே புக்கைத் தொறந்து வச்சுக்கிட்டுத் தூங்குனாரு. வடை, டீ 44.

பிப்ரவரி 11, செவ்வாய்

எங்க ஆறாவது கல்யாண நாள். ரெண்டு பேரும் அரை நாள் லீவு. சாயங்காலம் "கோயிலுக்குப் போயி அம்மனைப் பாத்துட்டு அப்பிடியே சாப்பிட்டு வரலாம்"னு கிளம்புறாரு. மதுரைக்காரருன்னு வெளிய சொல்லிக்க வேணாம்னேன். தைப்பூசம், தெப்பத் திருவிழா, அம்மனும் சுவாமியும் விடியக்காலையிலயே கிளம்பித் தெப்பக்குளம் போயாச்சு, ராத்திரி திரும்பி வர்ற வரைக்கும் அங்க யாரைப் பாக்குறது? வண்டியை அப்பிடியே தெப்பக்குளத்துக்குத் திருப்புனோம்.

1645ல வெட்டுன குளம். மஹால் கட்ட மண்ணெடுத்த பள்ளம்தான் இது, தோண்டுறப்ப கிடைச்சவர்தான் மீனாட்சி கோயில்ல இருக்குற முக்குறுணிப் பிள்ளையார்னு எங்க அப்பத்தா சொல்லும். நான் சின்னப்புள்ளையில பாத்தப்ப தண்ணியே இருக்காது, பயலுக உள்ள கிரிக்கெட் ஆடுவாங்க, தெப்பமும் நின்ன இடத்துலயே நிக்கும். இப்ப வைகைத் தண்ணி வந்து நிறைஞ்சு கிடக்கு. சனம் வடம் பிடிச்சு இழுக்க இழுக்க மைய மண்டபத்தைச் சுத்தி அவ்வளவு பெரிய தெப்பம் சத்தமே இல்லாம வருது, சீரியல் லைட்டெல்லாம் தண்ணியில நெளியுது. இவரு போனை எடுக்கவே இல்ல, அதுவே எனக்கு ஆச்சரியம். அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, சார்ஜ் இல்லையாம்.

பாத்துக்கிட்டே இருக்கேன், ஆளைக் காணோம். பத்து நிமிசம் கழிச்சு வாழையிலைப் பொட்டலத்தோட வர்றாரு. ரெண்டு முழம் மல்லி, 160 ரூபா! பனியில வரத்து கொறைஞ்சு மல்லி விலை எங்கயோ நிக்குது, அது தெரியாம இல்ல. வையலாம்னு வாயைத் தொறந்தேன், பொட்டலத்தைப் பிரிச்சதும் வந்த வாசத்துல மறந்துட்டேன். விளக்குத்தூண்ல ஜிகர்தண்டா, அப்புறம் கறி தோசை. மொத்தம் 690.

பிப்ரவரி 15, சனி

பூ எந்தக் கணக்குல வரும்னு நாலு நாளா பஞ்சாயத்து. பூ வீட்டுச் செலவாம். சரிங்க, 160 போனாலும் 530 வருதேன்னு நோட்டை நீட்டுனேன். பேச்சு மூச்சு இல்ல. இப்ப சிங்க்குக்கிட்ட நிக்கிறாரு. பால் சட்டியை மட்டும் "ஊறட்டும்"னு எனக்கு ஒதுக்கி வச்சிருக்காரு.