சூட்டுக்கோலை வைத்த பிறகு

மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்கா புது வீட்டுக்குக் குடிபோனபோது, வாசலில் மாட்டுவதற்கென்று ஒரு குமிழ் மரப்பலகையில் வீட்டின் பெயரையும் அதன் கீழே குளக்கரையில் நிற்கும் இரண்டு நாரைகளையும் சூட்டுக்கோலால் வரைந்தேன். மாலை வேளைகளில் உட்கார்ந்து 14 மணி நேரம் செய்த வேலை அது. இறகுகளின் மடிப்பும் தண்ணீரில் விழுந்த நிழலும் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்திருந்தன. பலகை இவ்வளவு வெளுப்பாக இருக்கிறதே, வீட்டுக் கதவு தேக்காயிற்றே, இரண்டும் ஒத்துப்போக வேண்டாமா என்று எண்ணி, பெயிண்ட் கடையில் மரத்துக்கு நிறமேற்றும் சாயமான ஸ்டெயினில் வால்நட் நிறத்தில் ஒரு டப்பா வாங்கி வந்து துணியில் தோய்த்துத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் நாரைகள் காணாமற்போயின. வெளிக்கோடுகள் மட்டும் எஞ்சின. அக்கா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு, ஆனா இது என்ன படம்?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து வரைவதைவிட அதிக நேரத்தைச் சாயத்தையும் பூச்சையும் புரிந்துகொள்வதிலேயே செலவழித்திருக்கிறேன். இப்படி மரத்தைச் சுட்டு வரையும் சூட்டோவியம் கற்க வருகிறவர்கள் எல்லோரும் கோலின் முனையைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். படம் கெடுவதோ பெரும்பாலும் கோலை அணைத்த பிறகுதான்.

நாரைகள் ஏன் மறைந்தன என்பதற்கு மரத்துக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்தைச் சுடும்போது, அதை ஆக்கியிருக்கும் மூன்று முக்கியப் பொருள்களில் ஒன்றான ஹெமிசெல்லுலோஸ் ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸிலிருந்து சிதையத் தொடங்குகிறது. செல்லுலோஸ் 315 டிகிரிக்கு மேல்தான் விரைவாகக் குலைகிறது. லிக்னினோ குறைந்த சூட்டிலிருந்து மிக உயர்ந்த சூடு வரை மெதுவாகச் சிதைந்துகொண்டே போகிறது. ஆகவே மெல்லிய நிழலுக்காக நாம் இளஞ்சூட்டில் தடவும் பழுப்பு என்பது கரி அல்ல, பாதி வெந்த மரம். அழுத்தமான கோடு மட்டுமே உண்மையான கரி. கரியின் கறுப்பு எந்தச் சாயத்துக்கும் ஈடுகொடுக்கும். பழுப்பு நிழல் அப்படியில்லை. பக்கத்தில் இருக்கும் வெறும் மரத்தைவிட அது சற்றே இருண்டிருப்பதால் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வெறும் மரத்தை வால்நட் நிறத்துக்கு இருட்டிவிட்டால் நிழல் நிற்பதற்கு இடமே இல்லை.

சாயம் வேண்டாம், தெளிந்த வார்னிஷ் மட்டும் போதும் என்பவர்களுக்கும் இதே கணக்கு உண்டு. எந்த ஈரமும் மரத்தை ஓரளவு கருக்கவே செய்யும். வேலையைத் தொடங்கும் முன் பலகையின் பின்புறத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டைத் தடவிப் பார்த்தால், அது ஆவியாகும் வரையிலான சில நொடிகளில், பூச்சு ஏறிய மரம் எந்த நிறத்தில் இருக்கும் என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். இப்போதெல்லாம் அந்த நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நிழலின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறேன்.

வரிசையில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது: முதலில் நெருப்பு, பிறகு நிறம், கடைசியில் பூச்சு. ஸ்டெயினோ வார்னிஷோ ஏறிய மரத்தின்மேல் சூட்டுக்கோலை வைத்தால் பிசினும் கரைப்பானும் எரிந்து வரும் புகை நேரே மூக்குக்குத்தான் போகும். பழைய கதவுப் பலகை அழகாக இருக்கிறது என்று எடுத்து வருகிறவர்கள் அதன் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையையும் ஒட்டுப்பலகையின் உள்ளடுக்குகளையும் சுடுவதும் அதே போன்றதுதான். அவற்றின் பசையில் பெரும்பாலும் பார்மால்டிஹைடு என்ற நச்சு இருக்கிறது.

சுடுவதற்கு முன் செய்யும் தேய்ப்பு வேலையே பின்னர் சாயத்தின் நடத்தையைத் தீர்மானிக்கிறது. நான் 120 எண்ணில் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) தொடங்கி 180, 220 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே போய், பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுகிறேன். தண்ணீர் பட்டதும் மர இழைகள் மயிர்போல் எழுந்து நிற்கும். அவற்றை 320-ஆல் மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டால், பின்னால் நீர் கலந்த சாயமோ பூச்சோ பூசும்போது மீண்டும் அவ்வளவாக எழாது. வரைந்த பிறகு இந்த வேலையைச் செய்ய முடியாது. உப்புத்தாள் முதலில் தின்பது நிழலைத்தான்.

இரண்டாவதாக நான் கெடுத்தது ஒரு கடிகார முகப்பு. இந்த முறை ஸ்டெயினே கிடையாது, நீரில் கலந்த பாலியூரித்தேன் என்ற தெளிந்த வார்னிஷை மட்டும் தூரிகையால் பூசினேன். கறுத்த கோட்டின்மேல் தூரிகை போனதும் அங்கிருந்த கரித்தூளை வாரிக்கொண்டு வெளுத்த பகுதி முழுவதும் சாம்பல் நிறத்தில் இழுத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஆழமாகச் சுட்ட கோட்டின்மேல் தளர்ந்த கரி எப்போதும் இருக்கும். இப்போது மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் இழை போகும் திசையிலேயே துடைத்து, வெளுத்த இடங்களில் வெள்ளை அழிப்பானை உருட்டி, வாயால் ஊதாமல் பம்பால் காற்றடித்து எடுக்கிறேன். ஊதினால் எச்சில் தெறிக்கிறது. அதன் பிறகும் முதல் பூச்சைத் தூரிகையால் இழுப்பதில்லை. தெளிப்பானில் மெல்லியதாக இரண்டு தடவை அடித்துக் கரியை இருந்த இடத்திலேயே பூட்டிவிட்டால், அடுத்தடுத்த பூச்சுகளைத் துணிந்து தூரிகையால் பூசலாம்.

அந்த முதல் பூச்சுக்கு அரக்கைப் போல இன்னொன்றை நான் கண்டதில்லை. அரக்குப் பூச்சிகள் புரசு, இலந்தை, பூவத்தி முதலிய மரங்களின் கிளைகளில் மொய்த்துச் சுரக்கும் பிசின் அது. கிளையோடு இருப்பதைக் கொம்பரக்கு என்றும், சுத்தம் செய்து அவல்போல் தகடாக்கியதை அவலரக்கு என்றும் சொல்வது எவ்வளவு பொருத்தம்! இந்த அவலரக்கைத்தான் ஸ்பிரிட்டில் கரைத்து ஆசாரிகள் பஞ்சுப் பொட்டலத்தால் மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போட்டார்கள். கர்நாடகத்தின் சன்னப்பட்டணத்துப் பொம்மைகளுக்கும் பளபளப்புத் தருவது அரக்குதான். வெண்மையான வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்த, உராயும் சூட்டிலேயே அது உருகிப் படிகிறது.

நம் வேலைக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் என்ற அளவில் நீர்த்த கரைசல் போதும். 240 கிராம் போட்டால் சற்றுக் கெட்டியாக இரண்டாம் பூச்சுக்கு ஆகும். அடுத்து பாலியூரித்தேன் பூசும் எண்ணம் இருந்தால் மெழுகு நீக்கிய அரக்காகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மேற்பூச்சு சரியாகப் பற்றாது. கரைத்த அரக்கை மாதக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. பழையதாகிப் போனால் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். ஐயம் வந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்வேன். சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் அரக்கு பூசினால், ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ள, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். அந்த மாதங்களில் நான் வரைவதோடு நிறுத்திக்கொண்டு, பலகைகளைத் தையில் பூசுவதற்காக அடுக்கி வைத்துவிடுகிறேன்.

இனி நிறம். படம் முழுவதையும் ஒரே சாயத்தில் முக்குவதை நான் விட்டுவிட்டேன். ஓரச்சட்டம், பின்னணி வானம், எழுத்துகளைச் சுற்றிய வெளி என்று நிழல் இல்லாத இடங்களுக்கு மட்டுமே சாயம். அங்கும் சாயம் நாம் நிறுத்தும் இடத்தில் நிற்காது, இழையைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஆழமாகச் சுட்ட கோடு வயலுக்கு வரப்புபோல் அதை ஓரளவு தடுக்கும்; ஆனால் இழைக்குக் குறுக்காகப் போகும் கோட்டில் மடை உடைவதும் உண்டு. நீர்த்த அரக்கை முதலில் ஒரு கை பூசிக்கொண்டால் ஓட்டம் குறையும், நிறமும் சற்று வெளிறியே ஏறும். நிழலுள்ள இடத்துக்கு அந்த வெளிறலும் நல்லதுதான். ஜெல் வடிவ ஸ்டெயின் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்பதால் இன்னும் சொன்னபடி கேட்கும். பேக்கிங் பெட்டிகளில் கிடைக்கும் பைன் பலகை சாயத்தைத் திட்டுத்திட்டாகக் குடிக்கும் மரம் என்பதால், அதற்கு இந்த அரக்கு முன்பூச்சு இல்லாமல் முடியவே முடியாது. பலகையின் வெட்டுமுகம் எந்த மரமானாலும் இரண்டு மடங்கு குடித்துக் கறுக்கும். அதற்கு முன்பூச்சையும் இரண்டு கை கொடுத்துவிடுவேன்.

வீட்டிலேயே சாயம் செய்யும் ஆசை எனக்கும் வந்தது. மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஒரு சூரியகாந்திக்குப் பூசினேன். கண்ணைப் பறித்த அந்த நிறம் சன்னல் வெளிச்சத்தில் சில வாரங்களிலேயே வெளுத்து, பூ வாடிப்போனது. கெட்டித் தேநீர் பரவாயில்லை. கடுக்காய்க் கஷாயத்தைப் பூசிக் காயவிட்டு, இரும்பு உப்பான அன்னபேதியின் கரைசலை அதன்மேல் தடவினால் மரம் கண்ணெதிரே கறுப்பதைப் பார்ப்பதுதான் இவற்றில் சுவாரசியமானது. கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானினும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து கறுக்கும் இந்த வினையை அந்தக் காலத்து மை தயாரிப்பவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு பிடிப்பதும் இதே வினையால்தான். ஆனால் சூட்டோவியத்தில் அதற்கு வேலை குறைவு. நெருப்பு போட்ட கறுப்புக்குப் பக்கத்தில் இரும்பு போட்ட நீலக்கறுப்பு வந்து நின்றால் இரண்டும் சண்டையிடுகின்றன. ஓரச்சட்டத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறேன்.

எண்ணெய்ப் பூச்சு விரும்புகிறவர்கள் ஆளி விதை எண்ணெயை நாடுவது வழக்கம். காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும் எண்ணெய் அது. தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ அப்படி இறுகுவதில்லை, எத்தனை நாளானாலும் எண்ணெயாகவே இருந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். பச்சை ஆளி எண்ணெய் இறுக வாரக்கணக்கில் ஆகும் என்பதால் பெயிண்ட் கடைகளில் 'டபுள் பாய்ல்டு' என்ற பெயரில், உலர்த்தும் உலோக உப்புகள் கலந்து விற்கிறார்கள். அது மரத்துக்குத் தரும் தேன்நிறம் அழகுதான், ஆனால் மெல்லிய நிழலை அது கொஞ்சம் விழுங்கும். நாளாக ஆக மஞ்சளும் ஏறும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்புகிறது. எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால், உள்ளே தேங்கும் சூட்டிலேயே அது தானாகத் தீப்பற்றிவிடக்கூடும். துணியை மொட்டைமாடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

கரண்டிக்கும் காய் நறுக்கும் பலகைக்கும் ஸ்டெயினும் வேண்டாம், கடை வார்னிஷும் வேண்டாம். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரஃபின் நான்கு பங்கும் தேன்மெழுகு ஒரு பங்கும் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கினால் நல்ல பூச்சு கிடைக்கும். காயாத பூச்சு என்பதால் அவ்வப்போது மீண்டும் தேய்க்க வேண்டியிருக்கும். படத்தைப் பிடியிலோ பலகையின் மறுபுறத்திலோ வைத்துக்கொண்டால் கத்திக்கும் படத்துக்கும் பகை வராது.

வெயிலுக்கு மட்டும் முழுமையான மருந்து இல்லை. சூரிய ஒளியின் புற ஊதாக்கதிர் பழுப்பு நிழலை மெல்ல வெளுக்கச் செய்கிறது. அதே நேரத்தில் வெளுத்த மரத்தை மஞ்சளாக்குகிறது. இரண்டு பக்கமிருந்தும் படம் கரைகிறது. வெளியில் மாட்டுவதற்குப் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் பொருள் கலந்த, படகுகளுக்குப் பூசும் வகை வார்னிஷ் நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதிலும் மினுக்கம் குறைந்த ரகத்தையே எடுக்கிறேன். மெலமைன் பாலிஷ் போட்டுக் கண்ணாடிபோல் மின்னும் சூட்டோவியங்களைக் கண்காட்சிகளில் பார்க்கும்போது படத்துக்கு முன் என் முகம்தான் எனக்குத் தெரிகிறது.

அக்காவுக்குச் சென்ற ஆண்டு இரண்டாவது பலகை செய்து கொடுத்தேன். அதே குமிழ், அதே நாரைகள். ஆனால் நிழல்களை ஒரு படி கூடுதலாகவே சுட்டேன். கரியைத் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கை இரண்டு முறை தெளித்து, ஓரச்சட்டத்துக்கு மட்டும் ஜெல் ஸ்டெயின் கொடுத்துத் தேக்குக் கதவோடு ஒத்துப்போகச் செய்து, மேலே மங்கல் ரக வார்னிஷ் மூன்று பூச்சுப் பூசினேன். வாசலில் மேற்கு வெயில் விழும் இடத்தை விட்டுத் திண்ணையின் உட்சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். பழைய பலகையைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். எந்தப் புதுச் சாயம் வாங்கினாலும் முதலில் அதன் பின்புறத்தில்தான் பூசிப் பார்க்கிறேன். இதுவரை பதினொரு பட்டைகள் ஏறியிருக்கின்றன.