இழுப்பறையில் இருக்கும் கேபிளுக்கும் டிரைவர் வேண்டும்

ஒரு தொழிற்கூடத்தில் கன்வேயரை இயக்கும் லினக்ஸ் கணினிகள் என் பொறுப்பில் இருந்தன. மோட்டாருக்குப் போகும் கட்டளை சில நேரம் தாமதமானதால் குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கும் ரியல்டைம் கெர்னலுக்கு (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) மாறுவது என்று முடிவானது. 2024-இல் வந்த 6.12 பதிப்பிலேயே ரியல்டைம் வசதி மூல கெர்னலில் சேர்ந்துவிட்டதால், தனி பேட்ச் (திருத்தக் கோப்பு) தேடி அலைய வேண்டியதில்லை. கெர்னலின் அமைப்பு மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்துக் கம்பைல் செய்துவிடலாம், அதாவது மூல நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றிவிடலாம். ஆனால் அதே கணினியில்தான் எடைத் தராசு, லேபிள் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர் எல்லாம் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட நின்றுவிடக் கூடாது.

இந்த இடத்தில் பலரும் கைவைப்பது, கெர்னலில் எவை சேர வேண்டும் என்ற பட்டியலைச் சுருக்கும் ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளை. ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதியது, 2009-இல் 2.6.32 பதிப்போடு வந்தது. இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போல, தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றும் துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துவிடும். கம்பைல் நேரம் வெகுவாகக் குறையும். ஒரு பிழை எந்தத் திருத்தத்தில் நுழைந்தது என்று தேட, திரும்பத் திரும்பக் கம்பைல் செய்யும்போது எனக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் பிறர் பயன்படுத்தும் கணினிக்கு அதை நான் வைப்பதே இல்லை.

காரணம் எளிது. தராசில் செருகியிருந்த யுஎஸ்பி சீரியல் கேபிளில் எஃப்டிடிஐ சிப். மேஜை இழுப்பறையில் கிடந்த மாற்றுக் கேபிளிலோ ப்ரோலிஃபிக் சிப். ஏற்றப்பட்ட மாட்யூல்களை ‘எல்எஸ்மாட்’ கட்டளை காட்டும் பட்டியலில் முதலாவதன் டிரைவர் மட்டுமே இருக்கும். இரவு ஷிஃப்டில் கேபிள் அறுந்து மாற்றைச் செருகினால், கெர்னல் அதன் அடையாள எண்களைச் சொல்லிப் பொருத்தமான மாட்யூலைக் கேட்கும். மாட்யூல் வட்டில் இல்லை. யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யுஎஸ்பி’யில் கேபிள் தெரியும், சீரியல் போர்ட் மட்டும் உருவாகாது. ஆபரேட்டர் கேபிளைத்தான் குறை சொல்வார்.

அதனால் லினக்ஸ் விநியோகம் (உபுண்டு, டெபியன் போன்றது) தந்த கான்ஃபிக் கோப்பிலிருந்தே, அதாவது கெர்னல் தேர்வுகளின் முழுப் பட்டியலிலிருந்தே தொடங்குவேன். பூட் அடைவில் அது தயாராக இருக்கும். புதிய பதிப்புக்கு அதைக் கொண்டுபோகும்போது ‘ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ கட்டளை புதிய தேர்வுகளுக்குத் தானாக மதிப்பு போட்டுவிடும். அதில் ஒரு சிக்கல்: ஏதாவது தேர்வின் பெயர் இடையில் மாறியிருந்தால், பழைய வரி சத்தமில்லாமல் விழுந்துவிடும். மூல நிரலோடு வரும், இரு கான்ஃபிக் கோப்புகளை ஒப்பிடும் ‘டிஃப்கான்ஃபிக்’ ஸ்கிரிப்டை ஓட்டி, விழுந்த வரிகளை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் வன்பொருள் காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். அது முடிந்த பிறகே ரியல்டைம். ‘எக்ஸ்பர்ட்’ தேர்வை இயக்கினால்தான் அது மெனுவில் தலைகாட்டும்.

மற்றவை சில்லறைச் சங்கதிகள். விநியோகத்தின் சான்றிதழ் கோப்பு நம்மிடம் இருக்காது, கான்ஃபிக்கில் அதைச் சுட்டும் வரியைக் காலியாக்காவிட்டால் கம்பைல் பாதியில் நிற்கும். டீபக் தகவலை (பிழை தேட உதவும் கூடுதல் தரவு) உரித்தெடுக்காமல் மாட்யூல்களை நிறுவினால் இனிட்ராம்எஃப்எஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஏற்றப்படும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) வீங்கிப் பூட் பகிர்வை நிரப்பிவிடும். கையொப்பமில்லாத மென்பொருளில் கணினி தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட் இருந்தால் கெர்னலுக்குக் கையொப்பமும் வேண்டும்.

புதுக் கெர்னலில் ஏறியதும் கணினிக்குள் உள்ள பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ’யை டிரைவர் பெயர்களோடு ஓட்டி, முன்பே சேமித்த வெளியீட்டோடு ஒப்பிடுவேன். அப்புறம் இழுப்பறையைத் திறந்து, உள்ளே கிடக்கும் ஒவ்வொரு கேபிளையும் செருகிப் பார்ப்பேன். மாதக் கடைசியில் மட்டும் வெளியே எடுக்கும் பிரிண்டரும் ஒருமுறை அச்சடித்துக் காட்டும்வரை பழைய கெர்னல், தொடக்கத்தில் கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவில் அப்படியே இருக்கும்.