மண்டிச் சாக்கும் தமிழ் சப்டைட்டிலும்: எங்கள் முதல் ஐந்து திரையிடல்கள்

ஜூனில் ஆரம்பித்தோம். நான், மொபைல் கடை வைத்திருக்கும் நண்பர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் என்று மொத்தம் நாலு பேர். மேட்டுப்பாளையத்தில் மாதம் ஒரு ஞாயிறு ஒரு உலக சினிமா போடுவது, டிக்கெட் கிடையாது, வாசலில் ஒரு உண்டியல். ஐந்து மாதம் ஓட்டிப் பார்ப்போம், ஆள் வராவிட்டால் சத்தமில்லாமல் மூடிவிடுவோம் என்று பேசிக்கொண்டோம். அக்டோபரோடு ஐந்தும் முடிந்தது. வேறு ஊரில் யாராவது இதே வேலையில் இறங்கினால் உபயோகப்படும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இடம் ஒரு டியூஷன் சென்டரின் மொட்டை மாடி, மேலே தகரக் கூரை. வாடகை வேண்டாம், கரண்டுக்கு மட்டும் 200 ரூபாய் கொடுங்கள் என்றார் உரிமையாளர். பெரிய மனசு. ஆனால் மூன்று பக்கமும் ஜன்னல், சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கு வெயில் நேராகத் திரையில் விழுகிறது. கறுப்புத் துணி வாங்கினால் கட்டுப்படியாகாது. கடைசியில் உருளைக்கிழங்கு மண்டியிலிருந்து பழைய சாக்குகளை வாங்கி வந்து, பிரித்து, ஜன்னலுக்கு ஆணியடித்துத் தொங்கவிட்டோம். இருட்டு கிடைத்தது, கூடவே மண் வாசனையும் வந்தது. இன்றைக்கும் நியோரியலிசம் (நிஜத் தெருவில் சாதாரண மனிதர்களை வைத்து எடுத்த இத்தாலியப் பட பாணி) என்று எங்காவது படித்தால் எனக்கு உருளைக்கிழங்கு வாசம்தான் அடிக்கிறது.

திரை, தையற்கடையில் இரண்டு வெள்ளைத் துணியை ஒட்டித் தைத்தது. 1,100 ரூபாய். தையல் சரியாக நடுவில் வரும் என்று யோசிக்காமல் விட்டது என் தப்பு. யார் க்ளோசப்பில் வந்தாலும் மூக்கின் மேல் ஒரு கோடு.

எந்தப் படம் போடுவது என்பதை ரசனை முடிவு செய்யவில்லை, சட்டம்தான் முடிவு செய்தது. ஓடிடியில் சந்தா கட்டியிருக்கிறோமே, அதையே போட்டால் என்ன என்று முதலில் நினைத்தோம். அந்தச் சந்தா வீட்டில் பார்க்க மட்டும்தான், பொது இடத்தில் காட்ட உரிமை தராது. பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ போட வேண்டும் என்று மொபைல் கடைக்காரருக்கு ரொம்ப ஆசை. 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம், நம் மதுரைப் பக்கத்து வெயிலில் எடுத்தது. அதையும் உரிமையாளர்களிடம் கேட்டு வாங்கித்தான் போட முடியும், அது பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தோம். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்து 60 வருடம் வரை. அதனால் 1950களும் அதற்கு முந்தியதும் கைக்கு எட்டியது. அதிலும் புதுசாகப் புதுப்பித்த பிரதி, பிற்பாடு சேர்த்த இசை இதற்கெல்லாம் தனி உரிமை இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் படம் இத்தாலிய இயக்குநர் டி சிக்காவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, 1948. 34 பேர் வந்தார்கள். பழைய படங்களின் சட்டகம் (ஃப்ரேம்) அகலம் குறைந்தது, கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று. புரொஜெக்டரோ இன்றைய டிவி மாதிரி அகலமானது. அமைப்பை மாற்றாமல் ஓட்டிவிட்டோம். முதல் பத்து நிமிடம் ரோம் நகரத்தில் பட்டினி கிடப்பவர்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டவர்கள் மாதிரி பூரிப்பாக இருந்தார்கள். நிறுத்தி, சரிசெய்து, மறுபடி ஓட்டினோம்.

பெரிய அடி அதில்லை. சப்டைட்டில் இங்கிலீஷில் ஓடியது. அது எங்கள் நாலு பேருக்கும் உறைக்கவே இல்லை, ஏனென்றால் நாங்கள் எப்போதும் அப்படித்தான் பார்க்கிறோம். இடைவேளை டீக்குப் பிறகு எண்ணினால் 13 பேர். அதில் ஒருவர் மர டிப்போவில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர். சைக்கிள் தொலைத்தவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன காட்சியைப் பற்றி டீ குடிக்கும்போது கேட்டார்.

“ஏனுங்க தம்பி, அந்தப் போலீஸ்காரன் என்னங்க சொன்னான்?”

“நீயே போய்த் தேடிக்கோன்னு சொல்றானுங்க.”

“அட, அங்கயும் அப்படித்தானுங்களா!”

சிரித்தார். ஆனால் அவரும் முடிவு வரை இருக்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க மனைவி கட்டிலில் விரித்த துணியை உருவி அடகு வைக்கிறாளே, அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் கூரை வரை அடுக்கிய துணி மூட்டைகள் மேல் ஏறிப் போகிறானே, அந்த இடத்தில் மட்டும் மாடியே அமைதியாக இருந்தது. அடகுக்கடைக்கு சப்டைட்டில் தேவையில்லை. மற்ற இடங்களில் தேவைப்பட்டது.

ஜூலையில் சாமர்த்தியமாக ஊமைப்படத்துக்கு ஓடிவிட்டோம். சாப்ளினின் ‘தி கிட்’, 1921. 1971இல் சாப்ளினே சேர்த்த இசையைத் தொட வேண்டாம் என்று, சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கூட்டி வந்தோம். வசனத்தை எழுதிக் காட்டும் எழுத்துப் பலகை வரும் இடங்களை ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் தமிழில் சொன்னார். மூன்றாவது பலகையிலேயே எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு இஷ்டத்துக்குப் பேச ஆரம்பித்தார், அதுதான் நன்றாக இருந்தது. ஒன்றும் புதிதில்லை. 1905இல் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் நம் கோயம்புத்தூர்க்காரர்தான். ஊமைப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல இங்கே ஆள் இருந்தார்கள். ஜப்பானில் அவர்களுக்கு பென்ஷி என்று பெயர், இயக்குநர் குரோசாவாவின் அண்ணனே ஒரு பென்ஷி. அன்றைக்கு 40 பேர் வந்தார்கள், யாரும் பாதியில் எழுந்து போகவில்லை.

ஆகஸ்டுக்கு ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’, வயதான பெற்றோர் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் கதை. இதற்கு நானே தமிழ் சப்டைட்டில் செய்வதாக வாயை விட்டுவிட்டேன். சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருள் இலவசம். இங்கிலீஷ் சப்டைட்டில் கோப்பைத் திறந்து, நேரக் குறிப்பை அப்படியே வைத்து, வரிக்கு வரி தமிழில் மாற்றுவதுதான் வேலை. கேட்க சுலபமாக இருக்கும். ஆயிரம் வரிக்கு மேல், மூன்று வாரம், ராத்திரி பத்து மணிக்கு மேல்.

பாதி செய்த பிறகுதான் ஓட்டிப் பார்த்தேன். ஆரம்பத்தில் சரியாக இருந்த வரி, போகப் போக ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே வந்து நின்றது. நான் எடுத்த கோப்பு வினாடிக்கு 25 சட்டகம் ஓடும் பிரதிக்கானது, எங்களிடம் இருந்தது 24. 136 நிமிடப் படத்தில் கடைசிக்கு வரும்போது ஐந்தரை நிமிட வித்தியாசம். அதாவது அம்மா உடம்பு மோசம் என்ற செய்தி, தந்தி வருவதற்கு முன்பே திரையில் வந்துவிடும். மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது, அரை நிமிட வேலை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அப்புறம் எழுத்துரு. நண்பரின் லேப்டாப்பில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் கட்டம் கட்டமாக வந்தது. கோப்பைத் தமிழ் எழுத்துக்கும் ஒத்துவரும் யூடிஎஃப் எட்டு (UTF-8) குறியீட்டில் சேமித்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டதும் சரியானது.

நான் வைத்துக்கொண்ட ஒரே சோதனை, அம்மாவை உட்கார வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வது. அவர் படித்து முடிப்பதற்குள் வரி மறைந்தால் வரி நீளம் என்று அர்த்தம். தமிழில் வார்த்தை நீளமாகிவிடுகிறது, ‘சென்றுகொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதினால் அதற்குள் ரயிலே போய்விடுகிறது. ‘போறாங்க’ போதும். இப்படி எழுத்துத் தமிழை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

அந்தச் சோதனையில்தான் பெரிய விஷயம் மாட்டியது. நோரிகோ, போரில் இறந்துபோன மகனின் மனைவி. இங்கிலீஷ் வரியில் அவள் மாமியாரை அழைப்பது ‘மதர்’. நானும் ‘அம்மா’ என்று போட்டிருந்தேன். அம்மா படிப்பதை நிறுத்திவிட்டார்.

“இவ மகளா, மருமகளா?”

“மருமகதான்.”

“மருமக மாமியாளை அம்மான்னா கூப்பிடுவா? அத்தைன்னு போடு கண்ணு.”

மாற்றினேன். மாமியார் அத்தை, மாமனார் மாமா, கடைசி நாத்தனார் கியோகோ நோரிகோவைக் கூப்பிடுவது அண்ணி. அதற்குப் பிறகு படமே வேறு மாதிரி தெரிந்தது. பெற்ற மகள் ‘அம்மா’ என்று சொல்லிக்கொண்டே பெற்றோரை அதாமி என்ற கடலோர ஊருக்கு அனுப்பிக் கைகழுவுகிறாள், ‘அத்தை’ என்பவள் ஒற்றை அறையில் பாய் விரித்துக் கொடுக்கிறாள். இங்கிலீஷில் பார்த்தபோது இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னதால் எனக்கு இது இவ்வளவு சுருக்கென்று தைக்கவில்லை.

இன்னொன்று. பெற்றோர் இருவரும் பேசுவது அவர்கள் ஊரான ஓனோமிச்சி பக்கத்து வட்டார வழக்கு, டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகள் பேசுவது நகரத்து மொழி. அதனால் பெரியவர்களுக்கு மட்டும் நம்ம ஊர் ‘ங்க’ போட்டேன், பிள்ளைகளுக்கு எடுத்துவிட்டேன். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரும் இது ஓவர் என்றார்கள். ஓசு கொங்குப் படம் எடுக்கவில்லை என்பது அவர்கள் கட்சி. பாதி ஒத்துக்கொண்டு ‘ஏனுங்க’வை எல்லாம் எடுத்தேன், ‘சரிங்க’, ‘வாங்க’ இருந்தது.

வாழ்க்கை ஏமாற்றம்தானே என்று கியோகோ கேட்கும் இடத்துக்கு மட்டும் நாலு நாள். ‘வாழ்க்கை ஏமாற்றம் தருகிறது அல்லவா’ என்று முதலில் எழுதியதைப் படித்தால் மேடைப் பேச்சு. கடைசியில் ‘வாழ்க்கை இவ்வளவுதானா அண்ணி?’ என்று போட்டேன். ‘ஆமா, இவ்வளவுதான்.’ மூலத்தை விட்டு விலகிவிட்டேனா என்று இன்னும் உறுத்துகிறது.

வந்தது 27 பேர், இருந்தது 25. நோரிகோ மாமியாருக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுக்கும் இடத்தில் இரண்டாம் வரிசை அம்மா ஒருவர் பக்கத்து ஆளிடம், “இவளுக்கே இல்ல, பாரு” என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எல்லோருக்கும் கேட்டது.

செப்டம்பரில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’. பிள்ளைகள் இருவரும் ஆளுக்குப் பாதி சப்டைட்டில் செய்தார்கள். முதல் பாதியில் அப்பு தன் அக்காவை ‘அக்கா’ என்கிறான், இரண்டாம் பாதியில் ‘துர்கா’ என்கிறான். படம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரையில் ரவிசங்கர் சிதார் சுத்தமாகக் கேட்கவில்லை. ஜூன் மாதமாக இருந்திருந்தால் எல்லோரும் கிளம்பியிருப்பார்கள். எழுத்து இருந்ததால் உட்கார்ந்து படித்தார்கள். துர்கா மழையில் நனையும்போது மேலே எங்கள் மழை. நாங்கள் ஏற்பாடு செய்தது என்று ஒருவர் கடைசி வரை நம்பினார்.

அக்டோபரில் கோவை மாணவர்கள் எடுத்த மூன்று குறும்படங்கள், அவர்களிடமே அனுமதி வாங்கி. சுமார்தான். பேச்சு படத்தைவிட நீளம். ஒன்றில் தமிழ் வசனத்துக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. திரைப்பட விழாவுக்கு அனுப்ப அப்படித்தான் வேண்டும் என்றார் எடுத்தவர். மர டிப்போ பெரியவர் விடவில்லை: “அப்ப விழாக்காரங்களுக்குத்தானுங்களா எடுத்தீங்க?” பையன் பதில் சொல்லவில்லை.

கணக்கு: ஒவ்வொரு முறையும் புரொஜெக்டர் வாடகை 700, கரண்ட் 200, டீ 300. திரைத் துணியும் சேர்த்து மொத்தம் 7,100 ரூபாய். உண்டியலில் விழுந்தது 4,350. மீதியை நாலு பேரும் பங்கிட்டுக்கொண்டோம். இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் சேர்வது பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறோம். 1959இல் சத்யஜித் ராயைத் தலைவராக வைத்து ஆரம்பித்தது அது. தணிக்கைச் சான்றிதழ், படம் வரவழைப்பது மாதிரி விஷயங்களுக்கு அந்த வழி நல்லது என்கிறார்கள்.

குறும்படம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது பெரியவர் வந்தார். “அந்தச் சைக்கிள் படத்தை இன்னொருக்கா போடுங்க தம்பி. தமிழ்ல. அவனுக்குச் சைக்கிள் கிடைச்சுதான்னே எனக்குத் தெரியாதுங்க.” சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன்.

நேற்று ராத்திரி அந்தச் சைக்கிள் படத்தின் சப்டைட்டில் கோப்பைத் திறந்தேன். இந்த முறை சட்டக வேகத்தை முதலிலேயே பார்த்துவிட்டேன், 24தான். வேலை கொடுக்கும் அதிகாரி படிக்கட்டில் நின்று ஒரு பெயரைக் கூப்பிடுகிறார், கூட்டத்தில் அந்த ஆள் இல்லை. முதல் வரியில் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை: “ரிச்சி!”