கப்பலின் எடைக்கு ஒரே எண் போதாது

ஒரு கடல் ரோந்துக் கப்பலின் ஆரம்பநிலை வடிவமைப்பில் எடை ரிஸ்க்கை, அதாவது எடை நினைத்ததைவிடக் கூடிப்போகும் ஆபத்தை மதிப்பிடுவதுதான் என் எம்.டெக் ப்ராஜெக்ட். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கப்பல் காகிதத்தில் இருக்கும்போது அதன் எடை யாருக்கும் சரியாகத் தெரியாது. எஃகு, எஞ்சின், கேபிள், ரேடார், பீரங்கி என்று ஒவ்வொன்றுக்கும் எடையும், கீலிலிருந்து (கப்பலின் அடித்தண்டு) உயரமும் போட்டு எக்செல்லில் கூட்டுகிறோம். ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதச் சொன்னார் என் கைடு. பழைய கப்பலைப் பார்த்து ஊகித்ததா, வரைபடத்திலிருந்து கணக்கிட்டதா, கேட்டலாக்கில் எடுத்ததா, தராசில் நிறுத்ததா? எழுதி முடித்ததும் ஆபத்து எங்கே என்று கண்ணில் பட்டது. எஞ்சினில் பெரிய சந்தேகமில்லை. கேபிள்களும் மாஸ்ட்டின் (கப்பலின் உயரமான கம்பம்) மேல் வரும் கருவிகளும் முழுக்க ஊகம்.

மாஸ்ட் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. உயரத்தில் கூடும் ஒவ்வொரு டன்னும் ஈர்ப்பு மையத்தை மேலே இழுத்து, கப்பல் சாய்ந்தால் நிமிரும் பலத்தைக் குறைக்கும். பிரிட்டனின் 'கேப்டன்' போர்க்கப்பலில் கட்டும்போதே எடை கூடியது. தண்ணீருக்கு மேல் 8 அடி இருக்க வேண்டிய மேல்தளம் ஆறரை அடிதான் இருந்தது. 1870 செப்டம்பரில் புயல்காற்றில் கவிழ்ந்து, ஏறக்குறைய 500 பேர் இறந்தார்கள்.

அப்புறம் ஒவ்வொரு எடைக்கும் குறைந்தது, எதிர்பார்ப்பது, அதிகம் என்று மூன்று மதிப்பு கொடுத்து மான்டே கார்லோ ஓட்டினேன். அதாவது, அந்த எல்லைக்குள் எடைகளைத் தற்செயலாக எடுத்துத் திரும்பத் திரும்பக் கூட்டி, மொத்த எடை எவ்வளவு பரவுகிறது என்று பார்ப்பது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எடைகளை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக விட்டால், ஒன்று கூடும்போது இன்னொன்று குறைந்து, விடையின் பரவல் அழகாகக் குறுகிவிடும். நிஜத்தில் அப்படி நடக்காது. ரேடார் பெரிதானால் மின்சாரம், குளிரூட்டல், கேபிள், மாஸ்ட் எல்லாம் சேர்ந்தே கூடும். அந்தத் தொடர்பைச் சேர்த்ததும் பரவல் நன்றாகவே விரிந்தது. நம்ப வேண்டியது அதைத்தான்.

ரிவ்யூவில் மார்ஜின், அதாவது கூடப்போகும் எடைக்காக முன்கூட்டியே ஒதுக்கும் அளவு பற்றித்தான் நிறையக் கேட்டார்கள். வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் கூடும் எடைக்கு ஒரு மார்ஜின், கப்பல் சேவைக்கு வந்தபின் ஏற்றப்போகும் புதுக் கருவிகளுக்கு இன்னொன்று. முதலாவது போதாவிட்டால் இரண்டாவதிலிருந்து எடுக்கலாமே என்றார் ஒருவர். பல பத்தாண்டுகள் ஓடவேண்டிய போர்க்கப்பலுக்கு அது சரியில்லை என்று பரவலைக் காட்டிச் சொன்னேன். மாஸ்ட்டைத் தாழ்த்தும் யோசனையை ஏற்றுக்கொண்டார்கள், இரண்டாவது மார்ஜினைத் தொடவில்லை.