வாசற்படியில் ஒரு கவுண்டி

அயர்லாந்தின் 32 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பரப்பளவில் மிகச் சிறியது லௌத். சுமார் 820 சதுர கிலோமீட்டர்தான். ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று டப்ளினில் நண்பர் சொன்னதை நம்பிப் போனேன். மூன்று நாள் ஆகிவிட்டது.

டப்ளினிலிருந்து ரயிலில் முதலில் டிராஹெடா. பாய்ன் ஆறு கடலைச் சேரும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கே செயின்ட் பீட்டர் தேவாலயத்தில், கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மனிதத் தலை. பேராயர் ஆலிவர் பிளங்கெட்டின் தலை அது. பொய்க் குற்றம் சாட்டி 1681-ல் லண்டனில் அவரைக் கொன்றார்கள். 1975-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. தோல் பேரீச்சம்பழ நிறத்தில் சுருங்கியிருக்கிறது. நான் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாமல் நகர்ந்தேன். பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றிய மூதாட்டியோ, அடுத்த வீட்டுக்காரரிடம் நலம் விசாரிப்பதுபோல் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

இவ்வளவு சிறிய இடத்தில் ஏன் இத்தனை ரத்தம் என்பது வரைபடத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. கிழக்கே கடல். மேற்கே குன்றும் சதுப்புமாகக் கரடுமுரடான நிலம். தெற்கே டப்ளினிலிருந்து வடக்கு மாகாணமான அல்ஸ்டருக்குப் படை நடத்த வசதியான வழி, லௌத்தின் சமவெளியும் அதன் வடகோடியை ஒட்டிய கணவாயும்தான். வாசற்படியில் குடியிருந்தால் வருகிறவன் போகிறவன் எல்லாரும் மிதிக்கத்தானே செய்வான்? ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் தம்பி எட்வர்ட், அயர்லாந்துக்கு அரசனாக வந்து 1318-ல் ஃபாகர்ட்டில் மாண்டார். 1649-ல் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் படை டிராஹெடாவின் மதிலை உடைத்துப் புகுந்து, காவற்படையினரோடு ஊர்மக்களையும் வெட்டிச் சாய்த்தது.

மறுநாள் டண்டாக் பக்கம் புரோலீக் கல்திட்டை. கோல்ஃப் மைதானத்தின் ஓரமாக, பந்துக்குப் பயந்தபடியே நடந்தேன். 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மூன்று குத்துக்கற்கள். மேலே சுமார் 40 டன் என்று சொல்லப்படும் ஒரு பாறை. கூழாங்கல்லை எறிந்து அது பாறைமேல் தங்கிவிட்டால் ஒரு வருடத்துக்குள் கல்யாணம் என்பது ஊர் நம்பிக்கை. எனக்கு மணமாகிப் பதினைந்து ஆண்டுகள். ஆனாலும் கை சும்மா இருக்குமா? மூன்றாவது தடவை கல் தங்கிவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அங்கிருந்து கூலி தீபகற்பம். (பெயர்தான் கூலி, வேலை ஒன்றுமில்லை.) கார்லிங்ஃபோர்டில், பனியாறு குடைந்த கடற்கழியின் கரையில் நின்றால் எதிர்க்கரை வடக்கு அயர்லாந்து, அதாவது ஐக்கிய இராச்சியம். தரையில் எல்லையைக் கடந்தால் வேகப் பலகைகள் கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும். காவல் சாவடி எதுவும் கிடையாது. இங்கே நான் அசையாமல் நிற்கும்போதே செல்பேசி என்னை ஐக்கிய இராச்சியத்துக்கு வரவேற்றது. கழியில் வளர்த்த சிப்பியை எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். கடல்நீரைக் குடித்ததுபோல் இருந்தது; இரண்டாவது கேட்கவில்லை.

அயர்லாந்தின் பழங்கதை ஒன்றில் வரும் ஆநிரை கவர்தல் இந்தக் கூலியில்தான். கணவனின் வெண்கொம்புக் காளைக்கு ஈடாகத் தன்னிடம் ஒன்றில்லையே என்று மேற்கே இருந்த கன்னாக்ட்டின் அரசி மேவுக்குக் குறை. கூலியின் பழுப்புக் காளையைப் பிடிக்கப் படையோடு கிளம்பிவிட்டாள். கூலியைக் காக்க வேண்டிய அல்ஸ்டர் வீரர்கள் சாபத்தால் சுருண்டு கிடக்க, பதினேழு வயதுக் கூகுலின் ஒருவனே ஆற்றுத்துறையில் நின்று தடுத்தான். கூடவே வளர்ந்த தோழன் ஃபெர்டியாவையும் அங்கேதான் கொன்றான். ஆர்டீ என்ற ஊரின் பெயருக்கே 'ஃபெர்டியாவின் துறை' என்று பொருள்.

கடைசி நாள் டாக்ஸியில் நாக்பிரிட்ஜ் அருகே ஒரு வயலுக்குப் போனேன். ஆள் உயரத்தைவிட மிக உயர்ந்த ஒற்றைக் கல். சாகும்போதும் நின்றே சாக வேண்டும் என்று கூகுலின் தன்னைக் கட்டிக்கொண்டது இதில்தானாம். தோளில் காக்கை வந்து உட்காரும்வரை எதிரி ஒருவனும் நெருங்கவில்லையாம். தடவிப் பார்த்தேன். காற்றுப் பக்கம் ஈரம், மறுபக்கம் பாசி. திரும்பும்போது டிரைவர் கத்தினார்: வேலிக்கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், மாடுகள் வெளியே போய்விடும்.