பேட்டிப் பதிவும் ஏஐ எழுத்தாக்கமும்

ஆய்வுக்காக எடுத்த பேட்டி ஒலிப்பதிவை எழுத்தாக்க, பேச்சை எழுத்தாக மாற்றும் ஏஐ மென்பொருளான விஸ்பரைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டுங்கள். அதன் மாடல் கோப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம். பேசியவரின் குரல் வெளியே போகாது. ஆனால் பேச்சு நின்ற இடங்களில் விஸ்பர் சில சமயம் யாரும் சொல்லாத வாக்கியங்களை இட்டுக்கட்டும். கணவர் இறந்ததைச் சொல்லும் பெண் 10 நொடி மௌனமானால், அங்கே சம்பந்தமில்லாத வரி முளைக்கலாம். ஆய்வுக்கு வேண்டியதோ அந்த மௌனம்தான். ஆகவே முழுப் பதிவையும் கேட்டு ஒப்பிடுங்கள், இதில் சலுகையே கிடையாது.

எழுத்தாக்கத்தை அலசச் சாட்பாட்டிடம் கொடுக்குமுன் பெயர், ஊர் மட்டுமல்ல, தொழிலையும் மாற்றுங்கள். சின்ன ஊரில் 'சத்துணவு அமைப்பாளர்' என்றாலே ஆள் தெரிந்துவிடும். முதல் சில பேட்டிகளை நீங்களே குறியிட்டபின், அதாவது எந்தப் பகுதி எதைப் பற்றியது என்று பெயரிட்டபின், கருவியிடம் போங்கள். அது தரும் மேற்கோள் ஒவ்வொன்றையும் எழுத்தாக்கத்தில் தேடுங்கள்: சொல் மாறியோ, இருவர் பேச்சு ஒட்டியோ வரலாம். எந்தக் கருவி, எதற்கு என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.