அட்டைக்குள் ஒளிந்திருந்த ஆண்டுகள்

கெய்ரோவில் மார் கிர்கிஸ் மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், ரோமானியர் கட்டிய பாபிலோன் கோட்டையின் வட்டக் கோபுரம் எதிரே தெரிகிறது. அதை ஒட்டியே, மார்க்கஸ் சிமைக்கா நிறுவிய கோப்டிக் (எகிப்தியக் கிறித்தவர்) அருங்காட்சியகம் இருக்கிறது. மரவேலைப்பாடு மிகுந்த கூரைகளை விரைந்து கடந்தேன். நான் தேடி வந்தவை, திருச்சபை ஏற்காத பழைய கிறித்தவ நூல்கள் பலவற்றைக் கொண்ட நாக் ஹம்மாதி சுவடிகள்.

1945 டிசம்பரில், தென்பகுதியான மேல் எகிப்தில், நாக் ஹம்மாதி ஊருக்கு அருகே, ஜபல் அத்தாரிஃப் குன்றடியில் உரமண் தோண்டப் போன உழவர்களுக்கு ஒரு சாடி அகப்பட்டது என்றும், அதிலிருந்த ஏடுகள் சிலவற்றைக் கண்டெடுத்தவரின் தாய் அடுப்பில் இட்டு எரித்துவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. இக்கதையை ஐயுறும் ஆய்வாளர்களும் உண்டு. எஞ்சியவை 13 சுவடிகள்; அவற்றில் 50க்கும் மேற்பட்ட நூல்கள் கோப்டிக் மொழியில் உள்ளன.

தமிழில் ‘தள்ளுபடி ஆகமம்’ என்று பழைய நூல்கள் குறிப்பவை தோபித்து, யூதித்து போன்றவை. கத்தோலிக்கர் அவற்றை இணைத் திருமுறையாக, அதாவது விவிலியத்தின் பகுதியாக, ஏற்கின்றனர். இங்குள்ளவையோ எந்தத் திருச்சபையின் விவிலியத்திலும் இடம்பெறாதவை. இவற்றுள் புகழ்பெற்றதான தோமா நற்செய்தி, இயேசு கூறியவையாக 114 மொழிகளைத் தருகிறதே தவிர, அவருடைய பிறப்பையோ சிலுவை மரணத்தையோ கதையாகச் சொல்வதில்லை. (தோமா இந்தியாவுக்கு வந்ததைச் சொல்லும் ‘தோமாவின் பணிகள்’ நூலும் திருமுறைக்கு வெளியே நின்றதுதான்.)

கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பேறிக் கிடந்த பாப்பிரஸ் ஏடுகளைவிட, அவற்றைக் காத்த தோல் அட்டைகளைப் பற்றியே நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். அட்டை விறைப்பாக நிற்பதற்காக உள்ளே பழைய தாள்களை ஒட்டியிருந்தார்கள். ஏழாம் சுவடியின் அட்டையிலிருந்து பிரித்தெடுத்த பத்திரங்களில் 341, 346, 348 ஆகிய ஆண்டுகள் காணப்பட்டதால், 348க்கு முன் அச்சுவடி கட்டப்பட்டிருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. வேண்டாமென்று கழித்த தாள்களே நூலுக்கு வயது சொல்லியிருக்கின்றன! அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு, இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் பட்டியலிட்டு, பிறவற்றை விலக்கச் சொன்ன மடல் 367ஆம் ஆண்டினது.

அம்மடலுக்கு அஞ்சித் துறவிகளே இவற்றைப் புதைத்தனர் என்பது பரவலான ஊகம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆறாம் சுவடியில், கிறித்தவ நூலே அல்லாத, கிரேக்க மெய்யியலாளர் பிளாட்டோவின் ‘குடியரசு’ நூலின் ஒரு பகுதிகூட, அதுவும் மோசமான மொழிபெயர்ப்பில், இடம்பெற்றிருக்கிறது. பதின்மூன்றாம் சுவடி என்று எண்ணப்படுவதும் முழு நூலன்று. யாரோ ஒருவர் தனியே பிரித்தெடுத்து, அதே ஆறாம் சுவடியின் அட்டைக்குள் செருகி வைத்த எட்டு ஏடுகள் மட்டுமே.